கோவை பக்கமா, யாழ்ப்பாணம் பக்கமா?

நீங்க திருச்சி ஏர்போர்ட்ல நிக்கிறதா வெச்சுக்குங்க. அங்கிருந்து கோயம்புத்தூர் ஏர்போர்ட் பக்கமா, யாழ்ப்பாணம் ஏர்போர்ட் பக்கமா? 'இதுல என்ன சந்தேகம், கோவைதான்'னு சட்டுனு சொல்லிடாதீங்க. கால்குலேட்டரை எடுங்க.

ஒரு டிகிரி அட்சரேகைன்னா 111 கி.மீ. நம்ம ஊர்ப் பக்கம் ஒரு டிகிரி தீர்க்கரேகைக்கு சுமார் 109 கி.மீ. திருச்சிக்கும் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கும் அட்சரேகையில் வித்தியாசம் 0.97 டிகிரி, தீர்க்கரேகையில் 1.36. பள்ளிக்கூடத்துல படிச்ச பித்தாகரஸைக் கூப்பிடுங்க. விடை 183 கி.மீ. சொச்சம். கோவைக்கும் இதே கணக்கைப் போட்டா 184. ஆக, ரெண்டும் ஒரே தூரம்! சென்னைதான் 290-ஐத் தாண்டி எங்கேயோ நிக்குது.

அடுத்து நேரம். ஏ.டி.ஆர். 72 மாதிரி புரொப்பெல்லர் விமானம் மணிக்கு சுமார் 500 கி.மீ. வேகத்துல பறக்கும். அப்படின்னா யாழ்ப்பாணத்துக்கு 22 நிமிஷம்தானே? ஆனா டைம்டேபிள்ல ஏறக்குறைய ஒரு மணி நேரம் போட்டிருப்பாங்க. ஏமாத்து வேலை இல்லீங்க. கதவைச் சாத்தி விமானம் நகர ஆரம்பிக்கறதுல இருந்து, அங்கே போய் நிக்கற வரைக்கும் உள்ள மொத்த நேரம் அது. ரன்வேக்கு ஊர்ந்து போகணும், மேலே ஏறணும், வளைஞ்சு இறங்கணும். குறைஞ்ச தூரத்துல முழு வேகத்துல பறக்கறது கொஞ்ச நேரம்தான். வாட்ச்சைக்கூட மாத்த வேண்டாம். 2006 ஏப்ரல் முதல் இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம்.

இவ்வளவு பக்கத்து ஊருக்குத்தான் பல வருஷம் நேர் வழி இல்லாம இருந்தது. 1947 டிசம்பர்லயே ஏர் சிலோனோட டகோட்டா விமானம் யாழ்ப்பாணம் வழியா சென்னைக்கு வந்துடுச்சு. அப்புறம் போர் வந்தது, வானம் மூடிக்கிச்சு. திருச்சியில இருந்து போறவங்க கொழும்புல இறங்கி, அங்கிருந்து வடக்கே சுமார் 400 கி.மீ. ரோட்டுலயோ ரயில்லயோ போகணும். 2019 அக்டோபர்ல பலாலி சர்வதேச விமான நிலையம் ஆச்சு. அடுத்த மாசமே சென்னை விமானம் வந்தது. 2020-ல கொரோனா அதை நிறுத்த, 2022 டிசம்பர்ல மறுபடி ஆரம்பிச்சாங்க. திருச்சிக்கு நேர் விமானம் வந்தது 2025 மார்ச் 30 அன்னிக்குத்தான்.

திருச்சி ஏர்போர்ட் பக்கம் போனா, கொட்டப்பட்டையும் கொஞ்சம் எட்டிப் பாருங்க. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் அங்கே இருக்கு. தமிழ்நாட்டு முகாம்கள்ல நம்ம வயசுப் பசங்க நிறைய பேர் இங்கேயே பிறந்து, இங்கேயே காலேஜ் படிக்கிறவங்க. இந்தியக் குடியுரிமை கிடைக்காதவங்க அவங்கள்ல ஏராளம். அந்த ஊர் விமானம் தலைக்கு மேலே பறக்கும். ஆனா அதுல ஏறிப் பாட்டி வீட்டுக்குப் போய்ட்டு வர பாஸ்போர்ட் வேணுமே!

தூரத்தை வேகத்தால வகுத்தா நேரம் கிடைக்கும்னு நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. நமக்கு அந்த ஃபார்முலா சரியா வரும். அவங்களுக்கு இந்த 183 கி.மீ.க்கு முப்பது, நாற்பது வருஷம் ஆகியும் விடை வரலை பாஸ்!