கர்னல் மாற்றிய கதை

மகன் வாங்கித் தந்த புது லேப்டாப்பில், என்னிடம் பழைய பென்டிரைவில் இருந்த உபுண்டு 22.04-ஐப் போட்டேன். வைஃபை மட்டும் வரவில்லை. உள்ளே இருப்பது ரியல்டெக் 8852ஏஇ. அதற்கான டிரைவர் 2022 ஜனவரியில் வந்த 5.16 கர்னலில்தான் சேர்ந்தது. என்னுடையதோ 5.15. ஒரே ஒரு படி!

கர்னலைத் தொட்டால் எல்லாம் போய்விடுமோ என்று இரண்டு நாள் சும்மா இருந்தேன். மறைந்த மனைவியின் படங்கள் அதில்தான். பழைய கம்ப்யூட்டரை ஏற்கெனவே எடைக்குப் போட்டாயிற்று.

முதலில் படங்களைப் பென்டிரைவில் ஏற்றினேன். பிறகு செல்போனை வயரில் மாட்டி, அதன் நெட்டில் எச்டபிள்யூஇ கர்னலை இறக்கினேன். பழைய கர்னல் அழியாமல் கிரப் மெனுவில் அப்படியே நிற்கிறது. இது தெரியாமல்தான் இத்தனை பயம்.

மறுபடி ஆன் செய்ததும் பசுமலையில் எங்கள் தெருவின் பாதி வீடுகள் வைஃபை பட்டியலில் வந்தன. எங்கள் வீடு நான்காவது.