மூன்று வருசம் பிந்திப் பார்த்த 'சுழல்'

நீங்கள் எல்லோரும் 'சுழல்' பார்த்து, பேசி, மறந்தும் போன பிறகு நான் இப்போதுதான் பார்த்து முடித்தேன். சிரிக்க வேண்டாம்.

அது வந்தது 2022 ஜூன் 17இல். அந்த ஜூனில் நாங்கள் எங்கே நின்றோம் என்று யோசித்துப் பாருங்கள். பெற்றோல் வரிசையில் ஒரு கூட்டம், காஸ் வரிசையில் ஒரு கூட்டம். நான் ஏ9 வீதியோரத்தில், கனகராயன்குளத்துக்கு பஸ் வருமா வராதா என்று தெரியாமல். முப்பதுக்கு மேற்பட்ட மொழிகளில் ஒரு தமிழ்த் தொடரை உலகம் பார்க்கிறது என்று போனில் வாசித்ததோடு சரி, அதற்குள் சார்ஜ் இறங்கிவிடும். இரண்டாவது சீசன் 2025 பெப்ரவரி 28இல் வந்தது. ஓரிரு நாளில் நோன்பு தொடங்கிவிட்டது. அதுவும் போயிற்று.

பிந்திப் பார்ப்பதில் ஒரு தொல்லை இருக்கிறது. ஆசிரியர் அறையில் ஒரு சேர், "இன்னும் பார்க்கேல்லையா?" என்று தொடங்கி, நான் காதைப் பொத்த முன்னமே முடிவையும் சொல்லிவிட்டார். துப்பறியும் கதையில் முடிவு தெரிந்துவிட்டால் பிறகு என்ன மிச்சம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனாலும் தம்பி தன் கணக்கில் எட்டு அத்தியாயத்தையும் என் போனில் இறக்கித் தந்ததால் பார்க்கத் தொடங்கினேன்.

கதை தெரியாத ஒன்றிரண்டு பேருக்காகக் கொஞ்சம். சாம்பலூர் என்ற கற்பனை ஊர். ஒரு சிமெந்துத் தொழிற்சாலை, அதில் தொழிற்சங்கத் தலைவர் சண்முகம், அதாவது பார்த்திபன். தொழிற்சாலை எரிகிற அதே இரவில் அவருடைய இளைய மகள் நிலாவைக் காணவில்லை. தேடுகிறவர்கள் இன்ஸ்பெக்டர் ரெஜினாவும் சப் இன்ஸ்பெக்டர் சக்கரையும். ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா நடந்துகொண்டிருக்கிறது. எழுதியவர்கள் 'விக்ரம் வேதா' எடுத்த புஷ்கர், காயத்ரி. இயக்கியவர்கள் பிரம்மாவும் அனுசரணும். பிரம்மாவின் 'குற்றம் கடிதல்' ஒரு மாணவனை அறைந்துவிட்டுத் தவிக்கும் ஆசிரியையின் கதை. அதை மட்டும், தொழில் காரணமாக, நேரத்தோடு பார்த்திருந்தேன்.

என்னைக் கேட்டால் ஸ்ரீயா ரெட்டிதான் எல்லோரையும் தாண்டி நிற்கிறார். அத்தியாயத்துக்கு அத்தியாயம் சந்தேகத்தை வேறொருவர் தலையில் மாற்றி மாற்றி வைப்பது சில இடங்களில் அலுப்பாக இருந்தது. ஆனால் நான் எழுத வந்தது விமர்சனம் அல்ல.

நான் கிழமை நாட்களில் இங்கே ஒரு அம்மாவின் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். முதல் இரவு நான் விறாந்தையில் இருந்து பார்க்க, அவர் பிளேன் ரீயோடு வந்தார்.

"என்ன ரீச்சர், படமோ? ஆரைத் தேடுறாங்கள்?"

"ஒரு பிள்ளை காணாமப் போயிட்டாம்மா."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். அவருடைய மகனை 2009 மே மாதம் வட்டுவாகலில் தன் கையாலேயே ஒப்படைத்தவர் அவர். "காணாமல் போன" என்று யாராவது சொன்னால், "போகேல்லை, நான் குடுத்தனான்" என்று திருத்துவார். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் வீதியோரக் கொட்டிலில் குந்தத் தொடங்கியபோது இவரும் பஸ் ஏறிப் போய்வந்தவர். இப்போது முழங்கால் விடுவதில்லை.

எங்கள் குடும்பம் 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து வெளியேற்றப்பட்டது. நான் அப்போது கைக்குழந்தை, வளர்ந்தது புத்தளத்தில். அவருடைய மகன் எந்தப் பக்கம் நின்றவர் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அந்தப் பேச்சை நாங்கள் இருவரும் இன்னும் எடுக்கவில்லை. நோன்பு மாதத்தில் எனக்குக் கஞ்சி காய்ச்சித் தருகிறவர் அவர்.

போனை மூடப் போனேன். "விடுங்கோ, பாப்பம்" என்று கதிரையை இழுத்துப் போட்டார்.

திருவிழாக் காட்சிகளை விரும்பிப் பார்த்தார். "எங்கடை வற்றாப்பளையிலை கடல் தண்ணியிலை விளக்கு எரியும் ரீச்சர், உது என்ன சுடலையிலை?" என்று கேட்டார். எனக்கு எங்கே தெரியும்! அவரை அதிகம் பிடித்து வைத்திருந்தது சக்கரைதான், கதிர் நடித்தது. இரண்டாம் இரவு அவர் சொன்னது இது:

"ஒரு பிள்ளைக்காக ஒரு ஸ்டேசனே நித்திரை முழிக்குது."

குறையாகச் சொல்லவில்லை. ஏதோ வெளிநாட்டு அதிசயத்தைப் பார்த்ததுபோலச் சொன்னார். பார்க்கிற எல்லோரும் யார் செய்தது என்று தேட, இந்த அம்மா யார் தேடுகிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கதையில் தேடியவர் அவர் மட்டும்தான். பதிவு, ஆணைக்குழு, திரும்பவும் பதிவு. ஒவ்வொரு முறையும் அதே போட்டோவின் இன்னொரு பிரதி.

நாலாம் அத்தியாயம் முடிந்த இரவு போனைத் தன் கையில் வாங்கி வைத்துக்கொண்டார்.

"ரீச்சருக்கு முடிவு தெரியுமெல்லே? பள்ளிக்கூடத்திலை ஆரோ சொன்னவையெண்டனீங்கள்."

"தெரியும்."

"அப்ப சொல்லிப்போடுங்கோ."

"சொன்னா பிறகு பாக்க ஏலாதும்மா, சப்பெண்டு போயிடும்."

"நல்லதோ கெட்டதோ, எனக்குத் தெரிஞ்சிருக்கோணும். தெரியாமல் ஒவ்வொரு நாளும் படுக்க ஏலாது."

சொன்னேன். முழுதையும் சொன்னேன். நிலாவுக்கு என்ன நடந்தது, யாரால், அந்த வீட்டுக்குள் எத்தனை வருசமாக எது பேசாமல் கிடந்தது என்பதையெல்லாம். பார்க்காதவர்களுக்காக இங்கே எழுதவில்லை. அந்தக் கடைசி விசயத்தில் ஆசிரியர்கள் எல்லோரும் பார்க்க வேண்டியது இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். மறுநாள் என் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பிள்ளையைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனித்தேன். 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தையும் கரும்பலகையின் மூலையில் எழுதி வைத்தேன்.

அம்மா கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பால் போன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தாய்க்கு உது தெரிய வருமோ?"

"வரும்."

"சரி. நாளைக்கு மிச்சத்தைப் போடுங்கோ."

மீதி நாலையும் நாலு இரவில் பார்த்து முடித்தோம். ஒரு இடத்தில் அழுதது நான்தான், அவர் இல்லை. இப்போது இரண்டாவது சீசன் எங்கே என்று கேட்கிறார். அதன் முடிவையும் முதலே சொல்ல வேண்டுமாம். எனக்குத் தெரியாது, ஆகவே தெரிந்தவர்கள் யாராவது உள்பெட்டியில் எழுதி அனுப்புங்கள். கொமெண்டில் வேண்டாம்.