நீலத்தில் தொடங்கும் தோல்

மேசைமேல் ஒரு தலை, இரண்டு கை, இரண்டு கால். ஐந்தும் வினைல். அச்சிலிருந்து வந்தபடியே வெளிறிப்போய், லேசான ஆரஞ்சுச் சாயலோடு கிடந்தன. பாத்திரம் துலக்கும் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்தாகிவிட்டது. இனி வண்ணம். ரோஸோ பழுப்போ எடுப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா தட்டில் பிதுக்கியது நீலம். அதில் தின்னர் விட்டு நீர்மோர் பதத்துக்குக் கரைத்து, அகலமான பிரஷ்ஷால் கன்னம், நெற்றி, பிடரி என்று பாக்கியில்லாமல் தடவினார். தடவிய கையோடு உலர்ந்த ஸ்பாஞ்ச் கொண்டு ஒற்றி ஒற்றி முக்கால்வாசியையும் எடுத்துவிட்டார். ஆரஞ்சு மட்டுப்பட்டிருந்தது. நீலம் பூசியதாகவே தெரியவில்லை.

இங்கிலாந்தில், மான்செஸ்டரை ஒட்டிய ஸ்டாக்போர்ட்டில், ஒரு வீட்டுக் கொல்லையில் இருக்கும் மரக்கொட்டகை இது. அண்ணி அந்த ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார். மறதி நோய் முற்றிய பாட்டிமார் சிலருக்கு அங்கே மடியில் பொம்மை கொடுத்து உட்கார வைப்பதுண்டு. படபடப்பு அடங்கும் என்பது இல்லத்துக்காரர்களின் அனுபவம். அப்படி ஒரு பொம்மையைக் கொடுத்தவர்தான் இந்த அம்மா. ஓய்வு பெறும்வரை ஒரு பெரிய கடையில் அழகுசாதனப் பிரிவில் நின்றவர். வருகிறவளின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து அவள் முகத்துக்கு எந்த பவுண்டேஷன் ஒத்துவரும் என்று சொல்லியே காலம் தள்ளியவர். தோலை உற்றுப் பார்த்துச் சம்பளம் வாங்கியவருக்கு இந்த வேலை வாய்த்ததில் ஆச்சரியமில்லை.

இவற்றுக்கு 'ரீபார்ன்' பொம்மைகள் என்று பெயர். 1990களில் அமெரிக்காவில் பரவிய கைவேலை. கடையில் விற்கும் பொம்மையை வாங்கி, தொழிற்சாலை வண்ணத்தைத் துடைத்து, முடியைப் பிடுங்கி, எல்லாவற்றையும் புதிதாகச் செய்வதில் ஆரம்பித்தது. பிறகு இதற்கென்றே வண்ணமில்லாத வெற்று உறுப்புகள் 'கிட்' என்று வர ஆரம்பித்தன. சிற்பி ஒருவர் களிமண்ணில் முகம் செய்ய, அதிலிருந்து உலோக அச்சு எடுத்து, அச்சுக்குள் வினைலை ஊற்றிச் சுழற்றிச் சூடாக்கி வார்க்கிறார்கள். செய்கிறவர்கள் பட்டறையை 'நர்சரி' என்கிறார்கள், விற்பதைத் 'தத்துக் கொடுப்பது' என்கிறார்கள். பிரேசிலில் இந்தக் கலைஞர்களுக்கே 'நாரைகள்' என்று பெயர். பிள்ளையைக் கொண்டுவந்து போடுவது நாரை அல்லவா, அந்தக் கணக்கு. 2025இல் ரியோ டி ஜெனிரோ நகர மன்றம் இந்த நாரைகளைக் கௌரவிக்க ஆண்டில் ஒரு நாளை ஒதுக்கி மசோதாவே நிறைவேற்றியது. மேயர் அதை ரத்து செய்துவிட்டார். பொம்மையைப் பிள்ளையாக வளர்க்கிறவர்களைப் பற்றித்தான் செய்திகளில் அதிகம் வருகிறது. எனக்கு அதைவிட, இந்தத் தோல் எப்படி வருகிறது என்பதில்தான் ஆவல்.

நீலத்துக்குப் பிறகு சிவப்பு வந்தது. மேக்கப் ஸ்பாஞ்சை அவர் கத்தரியால் வெட்டுவதில்லை, விரலால் பிய்க்கிறார். வெட்டினால் நேர்விளிம்பு வண்ணத்தில் பதிந்து காட்டிக்கொடுத்துவிடும். பிய்த்த துண்டைச் சிவப்பில் தொட்டு, பேப்பரில் நாலு தடவை அழுத்தி வற்றவைத்து, பிறகுதான் வினைலில் வைத்தார். திட்டுத் திட்டாக, ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும். குளிரில் துணியை அவிழ்த்த பச்சைக்குழந்தையின் தொடையில் வலைபோல் ஓடுமே, அந்தச் சிவப்பு. அதன்மேல் மறுபடி நீலத் திட்டு, அதன்மேல் மஞ்சள் கலந்த தோல்நிறம், மறுபடி சிவப்பு. ஒரு பொம்மைக்கு இருபது படலத்துக்கு மேல் போகும் என்றார். ஒவ்வொரு படலமும் தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்க வேண்டும். எந்தப் படலமாவது கண்ணுக்குத் தெரிந்தால் அது கெட்டுப்போன படலம்.

அவர் பயன்படுத்தும் ஜெனிசிஸ் வண்ணத்துக்குக் காற்றில் காயத் தெரியாது. ஒரு வாரம் வைத்திருந்தாலும் ஈரமாகவே கிடக்கும். சூடு காட்டினால்தான் இறுகும்: சுமார் 130 டிகிரி செல்சியஸ், எட்டு நிமிடம் போல. அதற்காகக் கொட்டகை மூலையில் கண்ணாடி மூடி போட்ட ஒரு ஓவன். இதில் ஒரு முறை வினைலை வைத்துவிட்டால் அப்புறம் அதில் சோறு பொங்கக்கூடாது. சமையலறைக்குள் அது வரவே கூடாது என்பது வீட்டுச் சட்டம். சூடேறும்போது ஜன்னலைத் திறந்து, மூக்கை மூடும் வடிகட்டி முகமூடியைப் போட்டுக்கொள்கிறார். சூட்டில் வினைல் தளர்ந்துவிடும். கால் சரிந்து தட்டில் படுத்தால் குதிகால் சப்பையாகிவிடும் என்பதால், உறுப்புகளைத் துண்டுத் துணியில் பொதிந்து நிறுத்துகிறார். வெளியே எடுத்ததும் தொடக்கூடாது. ஆறவிட்டு அடுத்த படலம். சீக்கிரம் காய்கிற அக்ரிலிக்கில் செய்கிறவர்களும் உண்டு, ஆனால் காய்கிற வண்ணம் அவசரப்படுத்தும் என்பது இவர் கட்சி. சூட்டுக்குக் காத்திருக்கும் வண்ணத்தில், பிடிக்காததைத் துடைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்து திரும்பத் தொடங்கலாம்.

துடைப்பதுதான் இந்த வேலை என்று சிறிது நேரத்தில் பிடிபட்டது. நெற்றிப்பொட்டில் நரம்பு வரைந்தார். பச்சையும் நீலமும் கலந்து, மூணு முடி பிரஷ்ஷால், கிளைவிட்டு ஓடும் ஒரு கோடு. வரைய அரை நிமிடம் ஆகவில்லை. பிறகு ஸ்பாஞ்சின் முனையால் அதைக் கொல்ல ஆரம்பித்தார். ஒற்றுகிறார், தள்ளி வைத்துப் பார்க்கிறார், ஜன்னல் பக்கம் கொண்டுபோகிறார், திரும்ப ஒற்றுகிறார். விளக்கொளியில் சரியாக இருக்கும் நிறம் பகல் வெளிச்சத்தில் மாறிவிடும் என்பதால் எதையும் ஜன்னலடியில் பார்க்காமல் சூட்டுக்கு அனுப்புவதில்லை. கடைசியில் நரம்பு இருக்கிறதா இல்லையா என்று எனக்குச் சந்தேகம் வந்தபோது, "இப்போது சரி" என்றார்.

பிறகு கழுத்து மடிப்பிலும் தொடை மடிப்பிலும் செம்பழுப்பு. முழங்கால், முழங்கை, விரல் கணு, குதிகால், காதோரம் எல்லாம் சிவப்பு. நகத்தின் அடியில் ரோஸ், நுனியில் மயிரிழை வெள்ளை, மேலே மினுக்கு. உதட்டுக்கும் மூக்குத் துளைக்கும் மட்டும்தான் ஈரப் பளபளப்பு. மற்ற இடமெல்லாம் மேட் வார்னிஷ் ஒற்றி மினுமினுப்பைக் கொன்றுவிட வேண்டும். அந்த வார்னிஷைத் தடவாமல் ஸ்பாஞ்சால் குத்திக் குத்தி வைத்தால் மயிர்க்கால் துளைபோல ஒரு சொரசொரப்பு வருகிறது. விரலால் தடவிப் பார்த்தேன். கொஞ்சம் நடுக்கமாகத்தான் இருந்தது.

எனக்குப் பிடித்த விஷயம், அவர் வரைகிறவற்றில் பாதி, தாய்மார் பயந்து டாக்டரிடம் ஓடுகிற சமாசாரங்கள். பிறந்த குழந்தையின் உள்ளங்கையும் காலும் முதல் ஓரிரு நாள் நீலம்பாரித்திருக்கும், ரத்த ஓட்டம் நுனிவரை சீர்ப்படாததால். மூக்கின்மேல் வெள்ளைப் பருக்கள், பிடரியிலும் இமையிலும் செம்மச்சம், மூன்றாம் நாள் மஞ்சள், தோல் உரியும் கணுக்கால். வாடிக்கையாளர் வயது சொல்லித்தான் கேட்பார்களாம்: நேற்றுப் பிறந்ததா, ஒரு வாரமா, மூன்று மாதமா. ஒரு வாரப் பிள்ளைக்கு மஞ்சள் படலம் ஒன்று கூடும். மூன்று மாதப் பிள்ளைக்கு நீலம் குறைந்து கன்னம் தெளியும். மாசு மருவற்ற தோலைப் போட்டால் கடைப் பொம்மை ஆகிவிடும். பிளாஸ்டிக் என்று நாம் கண்டுபிடிப்பதே குறை இல்லாததை வைத்துத்தானே. 'அமெரிக்கன் ஸ்னைப்பர்' படத்தில் கதாநாயகன் கையில் இருப்பது பொம்மை என்று உலகமே சிரித்தது அதனால்தான். மறுபக்கம், 2016இல் அமெரிக்காவின் நியூஹாம்ப்ஷர் மாநிலத்தில், கீன் நகரத்தில், பூட்டிய காருக்குள் குழந்தை அசைவற்றுக் கிடக்கிறது என்று போலீஸ் கண்ணாடியை உடைத்தார்கள். எடுத்துப் பார்த்தால் ரீபார்ன். இந்தக் கதையைச் சொன்னதும் அம்மா உதட்டைப் பிதுக்கினார். "கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்தால் எதுவும் தேறும். கையில் வாங்கினதும் கழுத்துக்குக் கீழே கை கொடுக்கத் தோன்ற வேண்டும்." அதற்காகத்தான் தலைக்குள்ளும் கை காலுக்குள்ளும் நுண்ணிய கண்ணாடி மணிகளை நிரப்பி, துணி உடம்போடு சேர்த்து, மூன்று கிலோ அளவில் எடை கொடுக்கிறார்கள். தலை தானாக நிற்காது.

முடிக்காரப் பெண்மணி தனி ஆள். ஹீட்டர் பக்கத்து நாற்காலியில், மடியில் ஒரு வழுக்கைத் தலையோடு உட்கார்ந்திருந்தார். அங்கோரா ஆட்டின் மோஹேர் முடி. கம்பளி குத்தும் மெல்லிய ஊசி, அதில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள். ஹேர் டிரையரால் வினைலை இளக்கி, ஒரு துளைக்கு ஒன்றிரண்டு முடியாக, சாய்கோணத்தில் குத்துகிறார். செங்குத்தாகக் குத்தினால் தலை முள்ளம்பன்றி ஆகிவிடும். ஒரு தலைக்கு வாரக்கணக்கில் ஆகும், தலைக்கு இவ்வளவு என்று கூலி. உச்சிச் சுழியில் தொடங்கித்தான் முடியின் திசை முழுவதும் தீர்மானமாகிறது என்று அவர் காட்டியபோது அண்ணி குறுக்கே புகுந்தார்: "ரெட்டைச் சுழி வைப்பீங்களான்னு கேளேன்." கேட்டேன். ஒருவர் தன் மகனுக்கு இருந்ததுபோல் வேண்டுமென்று கேட்டு வைத்திருக்கிறாராம். ரெட்டைச் சுழிக்கு ரெண்டு பெண்டாட்டி என்ற நம்மூர்க் கணக்கை அண்ணி அவருக்கு விளக்கியதில் அரைமணி நேர வேலை நின்றது.

கறுப்புப் பிள்ளைகளைச் செய்பவர் இளம்பெண். ஜமைக்காவிலிருந்து வந்த குடும்பத்தின் பேத்தி. இந்த அம்மாவிடம் கற்றுக்கொண்டு இப்போது தன் கணக்கில் செய்கிறார். ஆரம்பத்தில் கிட் எல்லாமே வெளிர் வினைல்தான் கிடைத்ததாம். அமெரிக்கக் கிரேயான் பெட்டியில் 'சதை நிறம்' என்று பெயர் போட்டிருந்த குச்சிக்கு 1962இல் பெயர் மாற்றினார்கள். பொம்மை உலகத்துக்கு அந்தச் செய்தி மெதுவாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. இப்போது பழுப்பு வினைலும் வருகிறது. ஆனாலும் வெளிர் வினைலில் கறுப்பைக் கட்டி எழுப்புவதில்தான் ஆழம் கிடைக்கும் என்கிறார் இவர். பழுப்பைக் கெட்டியாகக் குழைத்து ஒரே பூச்சாகப் பூசுவது பலர் செய்யும் கெடுதல். அதற்குள் ரத்தம் ஓடாது. இவர் தட்டில் எரிபழுப்பு, செங்காவி, கருநீலம், ஒயின் சிவப்பு. கறுப்பு டியூப் கிடையாது. எல்லாம் கண்ணாடிபோல் நீர்த்த படலங்கள். கன்னச் சிவப்பு ரோஸில் வராது, நாவல்பழ நிறத்தில் வரும். விரல் கணு கருக்கும், நகத்தோரம் கருக்கும், உள்ளங்கையும் பாதமும் வெளுத்து, ரேகைகள் மட்டும் இருண்டிருக்கும். கையின் மேல்புறம் உள்ளங்கையாக மாறும் அந்தப் பக்கவாட்டு எல்லையில்தான் இவர் நேரமெல்லாம் போகிறது. கோடு தெரிந்தால் கையுறை ஆகிவிடும். இடுப்புக்குக் கீழே நீலச்சாம்பல் மச்சம் ஒன்று வைக்கிறார். நம் பிள்ளைகள் பலருக்கும் பிறவியிலேயே இருந்து சில வருஷத்தில் மறைகிற அதே மச்சம்தான்.

அவர் செய்துகொண்டிருந்த நேற்றுப் பிறந்த பிள்ளையின் முகம் வெளுப்பாக இருந்தது. காது மடல் மட்டும் நல்ல கருப்பு. அண்ணி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அட, இவளுக்கு இது தெரிஞ்சிருக்கு பாரு. எங்கம்மா ஆஸ்பத்திரியில முதல்ல பாக்கிறதே காது நுனியத்தான். இது நாளைக்கு மாநிறம், இது கருப்புன்னு அங்கேயே சொல்லிடுவாங்க" என்றார். மொழிபெயர்த்ததும் அந்தப் பெண் சிரித்தார். அவர் பாட்டியும் காதைத்தான் பார்ப்பாராம். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பெருமூச்சு விடுவாராம். அண்ணிக்கு அதை மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

காசு விஷயம் சுமார்தான். கிட்டுக்கே பல பத்து பவுண்டு, வண்ணம், முடி, கண்ணாடிக் கண், மணி, மின்சாரம். பொம்மை நூற்றுக்கணக்கில் விலை போகும். பெயர் பெற்றவர்களின் கைக்கு ஆயிரங்களும் வரும். மணிக் கணக்குப் போட்டுப் பார்த்தால் கடையில் நின்ற சம்பளம் தேறாது என்று அம்மாவே சொன்னார். எரிச்சல் வேறு இடத்தில். சிற்பியின் கிட்டைக் களவாய் அச்செடுத்து வார்த்து, மேலே இயந்திரத்தில் ரோஸ் அடித்து, விளம்பரத்துக்கு மட்டும் இவர் செய்த பொம்மையின் படத்தைத் திருடிப் போட்டு, சொற்ப விலைக்கு இணையத்தில் விற்கிறார்கள். பார்சலைப் பிரித்து ஏமாந்தவர்கள் படத்தில் இருப்பது யார் வேலை என்று கண்டுபிடித்து இவருக்கே புகார் எழுதுகிறார்கள். அசல் கிட்டோடு வரும் எண்ணிட்ட சான்றிதழ் அட்டையை அதனால்தான் பத்திரமாக வைத்திருக்கிறார்.

இளம்பெண்ணின் எரிச்சல் இன்னொன்று. இந்தியப் பெயர் கொண்ட வாடிக்கையாளர் ஒருவர், இப்போது வளர்ந்துவிட்ட தன் மகளின் கைக்குழந்தைப் படத்தை அனுப்பி, அதேபோல் வேண்டும் என்றிருக்கிறார். இவர் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பதினெட்டுப் படலம் ஏற்றி, பாதியில் ஒரு போட்டோ அனுப்பினார். பதில் வந்தது: எல்லாம் அச்சு அசல், ஆனால் நிறத்தை மட்டும் கொஞ்சம் குறைக்க முடியுமா? சுட்ட வண்ணத்தின்மேல் வெளிர் நிறம் ஏற்றினால் சாம்பல் பூத்துவிடும். அசிட்டோன் போட்டு வினைல் தெரியும்வரை சுரண்டி, நீலத்திலிருந்து தொடங்க வேண்டும். அதற்குத் தனிக் கூலி ஆகும் என்று எழுதினாராம். கூலியைக் கேட்டால் விட்டுவிடுவார் என்று நினைத்திருக்கிறார். அந்த வாடிக்கையாளர் அன்றே முழுத்தொகையையும் கட்டிவிட்டார். நாங்கள் கிளம்பும்போது அந்தத் தலை நாலாவது படலத்தில், ஓவனுக்குள் இருந்தது.