எட்டு இல்லாத எண்

சித்தப்பாவின் மளிகைக் கடைக்கு மத்தியானத்தில் ஆள் வராது. எடைக்கு வாங்கிய பழைய தாள்களைப் பொட்டலத்துக்குக் கிழித்து அடுக்குவதுதான் கோடை விடுமுறையில் என் வேலை. ஒருநாள் அதில் ஒரு தாளை உருவி, வெறும் பக்கத்தில் 12345679 என்று எழுதி என் பக்கம் தள்ளினார்.

“ஒனக்கு ஆகவே ஆகாத எண்ணு எதுடா?”

ஏழு என்றேன். ஏழாம் வாய்ப்பாட்டில் பாதி தாண்டினாலே எனக்கு நாக்குப் புரளும்.

“அப்ப இதை அறுபத்து மூணால பெருக்கு.”

ஒரு கோடியே இருபத்து மூன்று லட்சத்துச் சொச்சம்! முனகிக்கொண்டே தொடங்கினேன். மூன்றால் பெருக்கிய வரி 37037037 என்று வந்தது. ஆறால் பெருக்கி ஓரிடம் தள்ளி எழுதிய வரி 74074074. கோடு போட்டுக் கூட்டினால் மூன்றுக்கு நேராக நாலு, ஏழுக்கு நேராகப் பூஜ்யம். கையில் மிச்சம் வைக்க எதுவுமே இல்லை. 777777777. எனக்கு ஆகாத ஏழு ஒன்பது தடவை வந்து உட்கார்ந்திருந்தது. சித்தப்பா கல்லாவைத் தட்டிச் சிரித்தார்.

சூட்சுமத்தை அவரே சொன்னார். அந்த எண்ணை ஒன்பதால் பெருக்கினால் 111111111. அப்புறம் ஏழு வேண்டுமென்றால் ஏழொன்பது அறுபத்து மூன்று, நாலு வேண்டுமென்றால் முப்பத்தாறு. கடைக்கு வரும் பையன்களிடமெல்லாம் இதைக் காட்டுவாராம். சரி, நடுவில் எட்டு எங்கே போனது? “அது எனக்குத் தெரியாது, அக்காகிட்ட கேளு” என்றுவிட்டார்.

அக்கா அப்போது பி.எஸ்சி. கணிதம். பதில் சொல்லாமல் 1-ஐ 81-ஆல் வகுக்கச் சொன்னாள். 0.012345679012345679... என்று போய்க்கொண்டே இருந்தது. “பூஜ்யம், ஒண்ணு, ரெண்டுன்னு ஒன்பது வரைக்கும் ஒழுங்காத்தான் வரும். அடுத்து பத்து வரணும். ஓரிடத்துல பத்து உட்காருமா? அதோட ஒண்ணு இடப்பக்கம் போகும், அங்க இருக்கிற ஒன்பது பத்தாகும். அதுவும் உட்கார முடியாம இன்னொரு ஒண்ணைத் தள்ளும்.” அந்த ஒன்றை வாங்கிக்கொண்ட எட்டுதான் ஒன்பதாகியிருக்கிறது. உண்மையில் காணாமல் போனது எட்டு இல்லை. கடைசியில் இருந்த ஒன்பது, பூஜ்யமாகிவிட்டது. அந்த எட்டாலேயே இந்த எண்ணைப் பெருக்கினால் 98765432 வரும், அது தனி வேடிக்கை.

கல்லூரிக்குப் போன பிறகு இன்னொன்றும் தெரிந்தது. 37, 333667 என்ற இரண்டு பகா எண்களின் பெருக்கம்தான் 12345679. 37-ஐ மூன்றால் பெருக்கினால் 111. 333667-ஐ மூன்றால் பெருக்கினால் 1001001. இவை இரண்டும் சேர்ந்தால் ஒன்றுகள் வரிசைகட்டாமல் என்ன செய்யும்?

எட்டு இலக்கக் கால்குலேட்டரில் அந்த ஒன்பது ஏழுகள் அடங்காது. கைபேசியில் அடங்கும், ஆனால் விடை மட்டும்தான் வரும். நடுவில் விழும் இரண்டு வரிகளை அது காட்டாது. எனக்கு விடையைவிட அந்த வரிகள்தான் பெரிது. வீட்டில் வாய்ப்பாட்டுக்குப் பயப்படும் பிள்ளை இருந்தால், ஒரு தாளைக் கொடுத்து இந்த எண்ணை 81-ஆல் பெருக்கச் சொல்லுங்கள். மேல்வரி ஏறிக்கொண்டு போகும், கீழ்வரி இறங்கிக்கொண்டு வரும். கூட்டுவதை அந்தப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள்.