கோவிந்தநகர் முதல் ராதாநகர் வரை

அந்தமானின் தலைநகரான ஸ்ரீவிஜயபுரத்திலிருந்து (முன்னாளைய போர்ட் பிளேர்) கப்பலில் சுமார் இரண்டு மணி நேரப் பயணத்தில் ஹேவ்லாக் தீவை அடையலாம். 2018-இல் இதற்கு ‘சுவராஜ் தீவு’ எனப் பெயர் மாற்றப்பட்டது. கப்பல்துறை அமைந்துள்ள ஊர் கோவிந்தநகர். அங்கிருந்து ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவில், தீவின் மேற்குக் கரையில் உள்ளது ராதாநகர் கடற்கரை.

வானளாவிய மழைக்காட்டு மரங்களின் நிழல் முடியும் இடத்தில் வெண்மணல் தொடங்குகிறது, அதற்கப்பால் நீலக்கடல். மாலையில் கதிரவன் கடலில் இறங்கும் காட்சியைக் காண அன்பர்கள் திரளாகக் கூடுகின்றனர். குளிர்காலத்தில் ஐந்து மணியளவிலேயே பொழுது சாய்ந்துவிடும் என்பதால் முன்னதாகவே செல்வது நலம். முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களில் நீரில் இறங்கலாகாது.

தேசப் பிரிவினையில் வீடு வாசலை இழந்த கிழக்கு வங்க மக்கள் 1950-களில் இத்தீவில் குடியமர்த்தப்பட்டனர். காடு திருத்தி நெல் விளைவித்த அவர்களின் ஊர்களே கோவிந்தநகர், கிருஷ்ணநகர், சியாம்நகர், ராதாநகர் என வழங்குகின்றன. அனைத்தையும் இழந்து வந்தோரிடம் எஞ்சியிருந்த செல்வம் இறைநாமம்.

மகனை அழைக்க ‘நாராயணா’ என்ற அஜாமிளனும் நற்கதி பெற்றான் என்கிறது பாகவதம். இத்தீவிலோ, பேருந்தில் பயணச்சீட்டுக் கேட்பவரும் ராதையின் பெயரைச் சொல்லியே கேட்கிறார்.