நான் போடாத ஊர்ப்பெயர்

பத்திரிகைக்காரனுக்குப் பயம் வந்தால் வெளியே தெரியாது. ‘இடம் பத்தலை’ என்று சொல்லித் தப்பித்துவிடலாம். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் விஷயத்தில் நான் அதைத்தான் செய்தேன்.

குடியரசு தினத்துக்கு ஓர் இணைப்பு போட்டோம். பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரும் அதில் வரவேண்டும். அப்துல் ஹமீதுக்கு முக்கால் பக்கம் ஒதுக்கினேன். 1965 போரில் ஜீப்பில் பொருத்திய பீரங்கியை வைத்துக்கொண்டு பாட்டன் டாங்கிகளை அடித்து நொறுக்கியவர். யாரும் முகம் சுளிக்க வழியில்லாத வீரம். கார்கில்காரர்களுக்கு நடுப்பக்கம். பரமேஸ்வரனுக்குக் கடைசிப் பக்கத்து மூலையில் ஒரு பெட்டி, நாலே வரி.

தமிழ்ப் பத்திரிகை என்றால் முதலில் எடுத்திருக்க வேண்டிய ஆளே அவர்தான். மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னையில் பயிற்சி முடித்து, 1972-இல் மஹார் ரெஜிமென்டில் அதிகாரியானவர். 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணத்தில், உடுவிலுக்குப் பக்கத்துக் கந்தரோடையில் தேடுதல் முடித்துப் பின்னிரவில் படையோடு திரும்பும்போது விடுதலைப் புலிகள் பதுங்கியிருந்து தாக்கினார்கள். இவர் சுற்றிப்போய்ப் பின்பக்கமாகப் பாய்ந்தார். கைகலப்பில் மார்பில் குண்டு பாய்ந்தது. சுட்டவன் கையிலிருந்த துப்பாக்கியையே பிடுங்கி அவனைச் சுட்டு வீழ்த்தினார். உயிர் போகும்வரை தன் ஆட்களுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார் என்கிறது விருதுக் குறிப்பு. இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான்.

ஆனால் எதிரே விழுந்து கிடந்தவனும் தமிழ்ப் பையன். அங்கேதான் எனக்குக் கை நடுங்கியது. 1990 மார்ச்சில் அமைதிப்படை சென்னைக்குத் திரும்பியபோது வரவேற்கப் போகமாட்டேன் என்றார் அன்றைய முதல்வர் கருணாநிதி. சரியோ தவறோ, ஊரறியச் சொன்னார். எனக்கு அந்தத் துணிச்சலும் இல்லை. ‘இலங்கையில் வீரமரணம்’ என்று எழுதி முடித்துவிட்டேன். யாரோடு சண்டை, எந்த ஊரில், ஒன்றும் கிடையாது.

எங்களிடம் புரூஃப் பார்க்கும் அக்கா சுன்னாகத்துக்காரர். கந்தரோடை அவருக்கு அடுத்த ஊர்.

“தம்பி, கந்தரோடை எண்டு போடேல்லையே?”

“இடம் பத்தலைக்கா.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பென்சில் முனையைப் பெட்டிக்குள் நாலாவது வரிக்குக் கீழே வைத்து, வெள்ளையாகக் கிடந்த இடத்தில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை மெதுவாக ஒரு கோடு இழுத்தார். இன்னும் இரண்டு வரி தாராளமாகப் பிடிக்கும். “பெரியாஸ்பத்திரிக் கதையும் போட மாட்டீங்கள்தானே” என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்துக்கொண்டார்.

பரமேஸ்வரன் இறந்த அதே 1987-இல், தீபாவளியன்று, அக்டோபர் 21, யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் அமைதிப்படை நுழைந்து சுட்டதில் நோயாளிகள், டாக்டர்கள், நர்ஸுகள் என 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். இரு தரப்புச் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் என்றது ராணுவம். தப்பிப் பிழைத்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. ஈழ ஆதரவு நண்பர்கள் கூப்பிட்ட கூட்டங்களில் மைக்கைப் பிடித்து ஆஸ்பத்திரியைப் பற்றித் தொண்டை கமறப் பேசியிருக்கிறேன். அங்கே பரமேஸ்வரன் பெயர் வாயில் வராது. முன்னாள் ராணுவத்தினர் விழா என்றால் அதே தொண்டை பரமேஸ்வரனுக்குக் கமறும். அரும்பாக்கத்தில் அவர் பெயரில் குடியிருப்பே இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லிக் கைதட்டல் வாங்குவேன். அங்கே ஆஸ்பத்திரி வராது. இரண்டு இடத்திலும் நான் பொய் சொன்னதில்லை. அதனால்தான் இவ்வளவு காலம் எனக்கு உறுத்தவே இல்லை.

ஆஸ்பத்திரியில் நடந்ததற்கும் பரமேஸ்வரனுக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை; அது அவருக்குச் செய்யும் அநியாயம். ஆனால் போன படை ஒன்று, மண் ஒன்று, நடுவில் ஐந்தே வாரம். இரண்டையும் ஒரே கூட்டத்தில், ஒரே மூச்சில் சொன்னால் இரண்டு பக்கத்திலும் கூப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தேன். சால்வையும் போய்விடும். அற்பம்தான். ஆனால் காரணம் அதுதான்; கொள்கை, கிள்கை எதுவும் இல்லை.

இணைப்பு அப்படியே அச்சானது. அன்று காலை ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் போன் செய்தார். “நம்ம ஆளையும் மறக்காமப் போட்டுட்டீங்களே, சந்தோஷம்.” மத்தியானம் ஈழ ஆதரவு நண்பர். “நல்லவேளை, அந்த ஆளை ரொம்பத் தூக்கிப் பிடிக்கல நீங்க.” இரண்டு பேருக்கும் நன்றி சொன்னேன்.