கூரைமேற் பாதை

ஓவியக்கூடமொன்று விரிவாக்கப்படும்போது செய்தித்தாள்கள் இரண்டு எண்களையே முதலில் எடுத்துரைக்கின்றன. செலவான பணம் ஒன்று. கூடிய பரப்பளவு மற்றொன்று. அவ்வாறு கூட்டப்பட்ட இடம் யாருக்குக் கிடைத்தது என்ற வினா பெரும்பாலும் எழுவதில்லை. பெருநகரங்களில் அது எழாதது வியப்புமன்று. இலண்டனிலோ பாரிஸிலோ ஒரு கட்டிடம் எவ்வளவு பெருத்தாலும் நகரம் அதனை விழுங்கிவிடும். ஒரு முற்பகலில் நடந்து சுற்றிவிடக்கூடிய சிற்றூரின் நிலை வேறு. அங்கே ஒரு சுவர் எழுந்தால் யாரோ ஒருவரின் யன்னலிலிருந்து கடல் மறைந்துபோகும். ஒரு வாகனத் தரிப்பிடம் இல்லாதுபோனால் கடைத்தெருவின் வருமானம் அசையும். இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலுள்ள கோர்ன்வால் மாவட்டத்தில், அத்திலாந்திக் கடலை நோக்கியிருக்கும் சென்ற் ஐவ்ஸ் என்னும் சிறு துறைமுக நகர் இந்த வினாவைக் கேட்டது. அதுவும் உரத்த குரலிற் கேட்டது. அங்குள்ள ரேற் கலைக்கூடத்தின் விரிவாக்கக் கதையைப் படிப்பவர், கட்டிடக்கலையை மட்டுமன்றி ஓர் ஊரின் வாழ்வையும் படிக்க வேண்டியவராகிறார்.

சென்ற் ஐவ்ஸ் கலைஞர்களால் உருவான ஊரன்று. சாளை இன மீனைப் பிடித்து, உப்பிட்டு, பீப்பாய்களில் அடைத்து விற்று வாழ்ந்த ஊர் அது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீன்வரவு குன்றத் தொடங்கியது. 1877இல் புகையிரதப் பாதை வந்தது. தொழில் நலிந்தமையால் படகுப் பாய்களைத் தைப்பதற்கும் சேமிப்பதற்கும் பயன்பட்ட மேன்மாடங்கள் வெறுமையாயின. அதே காலத்தில் இலண்டனிலிருந்து எளிதாக வந்துசேர வழியும் பிறந்தது. ஓவியர்கள் அம்மாடங்களை வாடகைக்கு எடுத்தனர். 1920இல் பேர்னாட் லீச் என்பவரும் யப்பானியரான ஷோஜி ஹமாடாவும் அங்கே மட்பாண்டச் சாலையொன்றை நிறுவினர். இரண்டாம் உலகப் போர் மூண்ட 1939இல் சிற்பி பாபரா ஹெப்வேர்த்தும் ஓவியர் பென் நிக்கல்சனும் குழந்தைகளோடு அங்கு வந்து சேர்ந்தனர். போருக்குப் பிந்திய இரு தசாப்தங்களில் பிரித்தானிய அருவ ஓவியத்தின் முதன்மையான நிலைக்களன்களில் ஒன்றாக அவ்வூர் விளங்கிற்று. கலை வரலாற்று நூல்கள் இதற்குக் காரணமாக அவ்வூரின் ஒளியைக் கூறுவது வழக்கம். மூன்று புறமும் கடல் சூழ்ந்த நிலத்தின் ஒளி தனித்தன்மை வாய்ந்தது என்பது உண்மையே. ஆயின், வாடகை மலிவாக இருந்தது என்பதை அந்நூல்கள் அத்துணை ஆர்வத்துடன் கூறுவதில்லை.

இக்கதையின் நடுவில் நிறுத்திப் பார்க்கவேண்டிய மனிதர் அல்பிரட் வாலிஸ் (1855-1942). கடலோடியாக இருந்தவர், பின்னர் கப்பற் சாமான்களையும் பழைய இரும்பையும் வாங்கி விற்றவர். மனைவி இறந்தபின், எழுபது வயதை அண்மித்த பருவத்தில், தனிமையைப் போக்குவதற்காக ஓவியம் தீட்டத் தொடங்கினார். கிழிந்த அட்டைத் துண்டுகளே அவருக்குத் திரை. படகுக்குப் பூசும் வண்ணமே அவருக்குச் சாயம். அட்டையின் ஒழுங்கற்ற வடிவத்துக்கு ஏற்பக் கப்பலும் கலங்கரை விளக்கமும் அவர் கையில் வளைந்துகொடுத்தன. 1928இல் தெருவால் நடந்து சென்ற நிக்கல்சனும் கிறிஸ்ரோபர் வூட்டும் திறந்த கதவினூடாக அவற்றைக் கண்டு திகைத்தனர். நவீன ஓவியர் பயின்று பெற முயன்ற எளிமை அக்கிழவரிடம் இயல்பாக இருந்தது. புகழ் ஓரளவு வந்தது, பணம் வரவில்லை. மட்ரன் என்னும் ஊரிலிருந்த வறியோர் விடுதியில் அவர் இறந்தார். நண்பர்கள் உடலைச் சென்ற் ஐவ்ஸுக்குக் கொணர்ந்து பார்னூன் சேமக்காலையில் அடக்கம் செய்தனர். பெரியதொரு கலங்கரை விளக்கத்தின் அடியில் சின்னஞ்சிறு மனிதன் ஒருவன் நிற்கும் காட்சியை லீச் ஓடுகளில் வரைந்து சுட்டு, அக்கல்லறையின்மேற் பதித்தார். அச்சேமக்காலையின் சரிவுக்குக் கீழேதான், போர்த்மியர் கடற்கரையை நோக்கியவாறு, இன்று ரேற் கலைக்கூடம் நிற்கிறது.

கலைக்கூடம் 1993இல் திறக்கப்பட்டது. அதற்குமுன் அந்நிலத்தில் எரிவாயு நிலையமொன்று இருந்தது. எல்ட்ரெட் எவன்ஸ், டேவிட் ஷாலெவ் ஆகிய கட்டிடக் கலைஞர்கள் பழைய எரிவாயுத் தாங்கியின் வட்ட வடிவத்தை நினைவுகூரும் வகையில் வாயிலை அமைத்தனர். அவ்வாயில் முழுமையாக உள்ளுமன்று, முழுமையாக வெளியுமன்று. கடலின் இரைச்சல் சுவரில் மோதித் திரும்பும் ஒரு பெருந்திண்ணை. பணம் கொடுத்து உள்ளே செல்லாதவரும் அங்கே நிற்கலாம், மழைக்கு ஒதுங்கலாம். கட்டிடம் விரும்பப்பட்டது. அதுவே அதற்கு வினையாயிற்று. ஆண்டொன்றுக்குச் சுமார் 70,000 பேர் வருவர் என்ற கணிப்பில் எழுப்பப்பட்ட இடத்துக்கு 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். கோடை நாட்களில் ஓவியத்தைவிட முன்னால் நிற்பவரின் முதுகையே மிகுதியாகக் காண நேர்ந்தது. கண்காட்சி மாற்றும் ஒவ்வொரு தடவையும் கூடத்தை மூடவேண்டியிருந்தது. இவை எல்லாவற்றிலும் மேலான குறையொன்றும் உண்டு. எந்தக் கலைஞர்களின் பெயரால் அக்கூடம் எழுந்ததோ அவர்களின் ஆக்கங்களை நிரந்தரமாக வைப்பதற்கு அங்கே இடமில்லை. வாலிஸையும் ஹெப்வேர்த்தையும் தேடி வந்தவர், வேறொரு கண்காட்சி நடந்துகொண்டிருக்கக் கண்டு திரும்பியதுமுண்டு.

ஆகவே விரிவாக்கம் தேவை என்பதில் ஐயமில்லை. எங்கே, எப்படி என்பதிலேயே பிணக்கு எழுந்தது. 2005ஆம் ஆண்டளவில் முன்வைக்கப்பட்ட முதற் திட்டத்தை ஊரவர் எதிர்த்தனர். மேலேயுள்ள தரிப்பிடம் குறுகும், கட்டிடம் பருத்துக் கடற்காட்சியை மறைக்கும் என்பன அவர்களின் முறைப்பாடுகளாயிருந்தன. கலையின் பெயரால் நடக்கும் காரியத்துக்கு வாகனத் தரிப்பிடத்தைக் காட்டித் தடைசொல்வதா என்று ஏளனஞ்செய்வது எளிது. ஏளனம் பொருந்தாது. குறுகிய கல் ஒழுங்கைகளாலான ஊரில் வாகனம் நிறுத்துமிடம் என்பது வசதியன்று. நோயாளியை வைத்தியரிடம் கொண்டுசெல்வதும் கடைக்குச் சரக்கு வருவதும் அதனோடு பிணைந்தவை. உல்லாசப் பயணிகளுக்காக ஏற்கனவே தெருவையும் கடற்கரையையும் பங்கிட்டுக் கொடுத்தவர்கள், எஞ்சியதையும் கொடுக்கத் தயங்கியதில் நியாயமுண்டு. அத்திட்டம் கைவிடப்பட்டது.

பல ஆண்டுகள் கழிந்தபின் ஊரவரோடு கூட்டங்கள் நடத்தி வேலை மீண்டும் தொடங்கப்பட்டது. பழைய கட்டிடத்தைச் செப்பனிடும் பணி அதனை வரைந்தவர்களிடமே ஒப்படைக்கப்பட்டது. புதிய பகுதியை ஜேமி ஃபோபேர்ட் வரைந்தார். அவருடைய விடை எளிமையானது, நிறைவேற்றுவதுதான் கடினம். கட்டிடத்தை மேலெழுப்பாமல் குன்றினுள் இறக்கிவிடுவது என்பதே அது. நீலச் சாயல் கொண்ட மிகக் கடினமான எல்வன் பாறையைப் பல மீற்றர் ஆழத்துக்கு வெட்டியெடுக்க வேண்டியிருந்தது. பாறை இலகுவில் இணங்கவில்லை, காலக்கெடு தள்ளிப்போனது. 2017ஆம் ஆண்டு மார்ச் மாத முடிவிற் பழைய கூடங்களும், ஒக்ரோபரிற் புதிய கூடமும் திறக்கப்பட்டன. மொத்தச் செலவு சுமார் 2 கோடி பவுண்.

புதிய கூடம் தூணொன்றுமில்லாத, சுமார் 500 சதுர மீற்றர் பரப்புள்ள ஒரே மண்டபம். வேண்டியபோது தடுப்புச் சுவர்களால் அதனை அறைகளாகப் பிரிக்கலாம். நிலத்தின்கீழ் உள்ள மண்டபம் என்றதும் நிலவறையின் இருளே நினைவுக்கு வரும். ஆறு ஒளிக்கூடுகள் அந்த நினைவைப் பொய்யாக்குகின்றன. கூரையினூடாக மேலெழும் அப்பெருங்கூடுகள் வானத்தின் ஒளியை வாங்கி, தம் சுவர்களில் மோதவிட்டு, வெம்மை தணித்துக் கீழே அனுப்புகின்றன. முகில் கடந்தால் மண்டபத்தின் நிறம் மாறும். ஓவியர்கள் தேடிவந்த அதே ஒளி, பாறைக்குள்ளும் இறங்கி வருகிறது. புதிய மண்டபம் மாறிவரும் கண்காட்சிகளை ஏற்றுக்கொண்டதால் பழைய கூடங்கள் விடுதலை பெற்றன. அவற்றில் இப்போது அவ்வூரோடு தொடர்புடைய 20ஆம் நூற்றாண்டுக் கலைஞர்களின் ஆக்கங்கள் நிலையாக வைக்கப்பட்டுள்ளன. படைப்புகளை இறக்குவதற்கும் பிரித்துப் பேணுவதற்குமான பகுதி மட்டும் நிலத்துக்குமேல் தலைகாட்டுகிறது. அதன்மேற் பதிக்கப்பட்ட நீலமும் பச்சையும் கலந்த ஓடுகள் நாளின் பொழுதுக்கேற்பக் கடலோடு சேர்ந்தும் விலகியும் தோன்றுகின்றன.

2018இல் பிரித்தானியாவின் ஆண்டுச் சிறந்த நூதனசாலைக்கான பரிசும், அதனுடன் ஒரு இலட்சம் பவுணும் இக்கலைக்கூடத்துக்குக் கிடைத்தன. திறனாய்வாளர் பலர் மண்டபத்தைப் போற்றினர். போற்றத்தக்கதே. எனினும், இவ்விரிவாக்கத்தின் மிகச் சிறந்த பகுதி மண்டபமன்று, அதன் கூரையே. அது பொதுமக்களுக்கான தோட்டமாக விடப்பட்டுள்ளது. மேலேயுள்ள தெருவிலிருந்து கீழே கடற்கரைக்கு அதனூடாக நடந்து இறங்கலாம். கையில் மீன்பையோடு போகும் கிழவிக்கோ, பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு அலைச்சறுக்கப் போகும் சிறுவனுக்கோ காலடியில் ஒரு கலைக்கூடம் இருப்பது தெரியவேண்டிய அவசியமில்லை. கட்டிடக் கலைஞரின் பெருந்தன்மை மட்டும் இதனைத் தந்துவிட்டது என்று கூறுவது பொருந்தாது. முதற் திட்டத்தை ஊரவர் மறுத்திராவிடின் கட்டிடம் நிலத்துக்குமேல் நின்றிருக்கும். கூரையில் நடக்க வழியும் இருந்திராது. மறுப்பு என்பது கலைக்கு எதிரானதென்று எண்ணுவோர் இவ்விடத்தைச் சற்று நின்று நோக்குதல் நன்று.

இத்தோடு கதையை மகிழ்ச்சியாக முடித்துவிட இயலாது. பாறை வெட்டப்பட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், 2016 மே மாதம், சென்ற் ஐவ்ஸ் மக்கள் வேறொரு காரியத்துக்காக வாக்களித்தனர். புதிதாகக் கட்டப்படும் வீடுகளை, அவற்றை முதன்மையான வதிவிடமாகக் கொண்டு நிரந்தரமாக வாழ்வோர்க்கே விற்கவேண்டும் என்ற விதியை உள்ளடக்கிய நகரத் திட்டம் சர்வசன வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. வாக்களித்தோரில் நூற்றுக்கு 80க்கும் மேற்பட்டோர் அதனை ஆதரித்தனர். அதனை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கு அவ்வாண்டு நவம்பரில் உயர் நீதிமன்றத்தில் தோற்றது. காரணம் வெளிப்படை. 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கிருந்த வீடுகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றில் நிரந்தரமாக எவரும் வசிக்கவில்லை. அவை விடுமுறைக்கு வந்துபோவோரின் இரண்டாம் வீடுகள். அல்லது வாரக் கணக்கில் வாடகைக்கு விடப்படுபவை. குளிர்காலத்தில் விளக்கெரியாத யன்னல்களைக் கொண்ட தெருக்கள் பல. அங்கேயே பிறந்து வளர்ந்த தாதியோ ஆசிரியரோ அவ்வூரில் ஒரு வீட்டை வாங்க இயலாத நிலை தோன்றியது.

வீட்டு விலை உயர்வுக்குக் கலைக்கூடமே காரணம் என்று குற்றஞ்சாட்டுவது மிகை. கடற்கரையும் புகையிரதமும் இருக்கும்வரை பயணிகள் வருவர். ஆயின் கலைக்கூடம் அவ்வருகையைக் கோடைக்கு அப்பாலும் நீட்டியது, ஊரின் பெயரை உயர்த்தியது என்பதை அதன் ஆதரவாளரே பெருமையுடன் கூறுவர். பெயர் உயரும்போது வாடகையும் உயரும். கட்டண விடயத்திலும் ஒரு முரண் உள்ளது. இலண்டனிலுள்ள ரேற் கூடங்களில் நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணமில்லை. சென்ற் ஐவ்ஸில் உண்டு. உள்ளூரவர்க்கெனத் தனிச் சலுகைச் சீட்டு வழங்கப்பட்டிருப்பினும், தலைநகரில் உரிமையாக இருப்பது சிற்றூரிற் சலுகையாகவே கிடைக்கிறது. வாலிஸ் இன்று வாழ்ந்திருந்தால் தம் ஓவியத்தைக் காண்பதற்குச் சீட்டு வாங்கியிருப்பார் என்பதன்று துயரம். அவர் அவ்வூரில் வாழ்ந்தேயிருக்கமாட்டார். அப்பழைய மீனவர் குடில்கள் பலவும் இப்போது விடுமுறை வீடுகள்.

இதே கடற்கரையில், கலைக்கூடத்துக்குச் சற்றுத் தள்ளி, போர்த்மியர் தொழிற்கூடங்கள் எனப்படும் பழைய கட்டிடத் தொகுதியொன்று உள்ளது. கலைஞர்களின் பெயரால் அமைந்த ஒரு நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் அதனைப் பராமரிக்கிறது. கடற்காற்றும் அலையும் அரித்த அதன் அடித்தளத்தையும் கூரையையும் பல ஆண்டுகள் பழுதுபார்த்து 2013இல் நிறைவுசெய்தனர். மேல்மாடிகளில் ஓவியர்கள் வேலைசெய்கின்றனர். நிக்கல்சனும் பின்னர் பற்றிக் ஹெரனும் பயன்படுத்திய அறையும் அங்கேயே உள்ளது. பழுதுபார்த்தபோது கீழறைகளை உணவகங்களாக்கினால் நல்ல வருமானம் வந்திருக்கும். அவ்வாறு செய்யப்படவில்லை. அக்கீழறைகளில் மீனவர்கள் முன்போலவே வலைகளையும் கயிறுகளையும் வைத்திருக்கின்றனர்.